அவசரத்துக்கு நகைக்கடன், அப்புறம்தான் கொடிநாள் நிதி

அப்பா 1974-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியாளர் படை) சேர்ந்தவர். பட்டாளத்தில் அந்தப் படைக்காரர்களை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா இறந்ததும் நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று ஒன்பதே வருடத்தில் வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். பதினைந்து வருடம் முடித்திருந்தால் பென்ஷன். அது இல்லாததால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் இல்லை. மிஞ்சியது டிரங்குப் பெட்டிக்குள் ஒரு டிஸ்சார்ஜ் புக்கும் (பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் புத்தகம்), விடியற்காலை நாலரைக்கு எழுந்து எங்களையும் எழுப்பிவிடும் பழக்கமும்தான்.

2025 மே மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் செலவை முதல்வர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. அதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன், வண்டி வாடகை, இரண்டு மாதம் மாட்டைப் பார்க்க வைத்த ஆளுக்குக் கூலி எல்லாம் கைக்காசு. “கொடிநாளுக்கு வருஷா வருஷம் வசூல் பண்றாங்களே, நம்மள மாதிரி ஆளுக்குத்தானே அது?” என்றார் அப்பா. சரி என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை.

முதல் நாள் அனுபவம் மோசம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பென்ஷன் இல்லையா, அப்போ ஒண்ணும் கிடையாது” என்றார். அது தப்பு. வெளியே மரத்தடியில் நின்றிருந்தபோது, அங்கேயே வேலை பார்க்கும் நல அமைப்பாளர் ஒருவர் (அவரும் பட்டாளத்துக்காரர்) விசாரித்து உள்ளே கூட்டிப்போனார். “பென்ஷன் இல்லாதவங்களுக்குன்னே ஒரு உதவி இருக்கும்மா” என்று அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அந்த உதவிக்கு பெனூரி கிராண்ட் என்று பெயர். டெல்லியில் முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் கேந்திரிய சைனிக் போர்டு வழியாக, பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வருகிறது. அதற்கும் மூலம் கொடிநாள் நிதிதான். டிசம்பர் 7 அன்று பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டோமே, அதே கொடி. 65 வயது தாண்டியிருக்க வேண்டும், பென்ஷன் இருக்கக் கூடாது, ஹவில்தார் வரையிலான பதவியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் இறந்திருந்தால் மனைவிக்கும் உண்டு.

ஆனால் இதை அவசர உதவி என்று நம்பிக்கொண்டு யாரும் போகாதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில், ஆங்கிலத்தில். ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மாவட்ட அலுவலகம் பரிந்துரைத்தால்தான் மேலே போகும். அப்பாவின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் தாத்தா பெயர் முழுசாக இருக்கிறது. ஜூனில் போட்ட விண்ணப்பம் அதற்காகவே திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காகிதம் வாங்க வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், நோட்டரி என்று அலைந்ததில் ஐப்பசி வந்துவிட்டது. அவசரத்துக்கு உதவியது அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்ததும் அரை மணி நேரத்தில் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதுவரை மாதம் 4,000 ரூபாயாக இருந்த பெனூரி கிராண்டை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கினார்கள். நாங்கள் புதிதாகப் போட்டது நவம்பர் நடுவில்! மகள் கல்யாண உதவியும் அப்போதுதான் 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆனது. எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்பதை அப்பா அன்று இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

பணம் வரும்போது சித்திரை பிறந்திருந்தது. வந்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது, நடுவில் யாரும் கை நீட்டவில்லை. திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன், எங்கள் ஊர் ஜன்னலுக்கு ஒன்று, மரத்தடி மனிதருக்கு ஐந்து. போகிறவர்கள் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களும், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது அப்பாதான் எங்கள் ஊருக்கு அலுவலகம். திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்களின் தாள்களைச் சரிபார்க்கிறார், ஆன்லைன் வேலை என் தலையில். நேற்று பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவர் வீட்டுக்காரருடைய டிஸ்சார்ஜ் புக்கில் பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. படை எண் இருக்கும் பக்கம் மட்டும் தப்பியிருந்ததால், நகல் கேட்டு, படையின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.