எம்ஜி-132: முதல் சோதனைக்குச் சரி, தீர்ப்புக்குப் போதாது

ஒரு புரதம் புரோட்டியசோமில், அதாவது செல்லில் வேண்டாத புரதங்களை நறுக்கும் அமைப்பில், அழிகிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் முதலில் எடுப்பது அந்த அமைப்பைத் தடுக்கும் எம்ஜி-132 மருந்துதான். அதற்கு இது தகுதியானதே. செல்லுக்குள் எளிதாக நுழைகிறது. 4 மணி நேரத்தில் யுபிக்விட்டின் (புரதங்களில் குறியாக ஒட்டப்படும் சிறு புரதம்) சங்கிலி ஏறிய புரதங்கள் தேங்கி, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டின் மேல்பாதி கறுப்பாக இழுவிக் கிடக்கும். பி53 போன்ற குறை ஆயுள் புரதமும் கூடியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

பொடியாக வாங்குவதே மேல். மூலக்கூறு எடை 475.6, எனவே 1 மி.கி.க்கு 210 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் விட்டால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அதைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். இது பெப்டைட் ஆல்டிஹைடு. அந்த முனை ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வீரியம் போய்விடும். ஊடகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10 மைக்ரோமோலார். ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ கட்டாயம்.

இழுவல் தெரியாவிட்டால் உடனே மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். செல்லை உடைத்ததும் டியூபிக்விட்டினேஸ் நொதிகள் யுபிக்விட்டின் சங்கிலிகளைக் கழற்றிவிடும். உடைக்கும் கரைசலில் அந்த நொதிகளைத் தடுக்கும் என்-எத்தில்மேலிமைடை 10 மில்லிமோலார் அளவில் அப்போதே கலந்து சேர்க்க வேண்டும். ஒடுக்கியான டிடிடி (டைதயோத்ரெய்டால்) கூடவே கூடாது, இரண்டும் வினைபுரிந்து வீணாகும்.

உண்மையான குறை வேறு. புரதத்தை வெட்டும் வேறு நொதிகளான கால்பெயின்களையும், லைசோசோமின் (செல்லின் செரிமானப் பை) கத்தெப்சின்களையும் எம்ஜி-132 தடுக்கும். ஆகவே புரதம் கூடியது என்பதாலேயே புரோட்டியசோம்தான் காரணம் என்று எழுத முடியாது. புரோட்டியசோமை மட்டுமே குறிவைக்கும் தடுப்பானான எபாக்ஸோமைசினைக் கொண்டு திரும்பச் செய்தால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

ஆனால் செல்பரப்பு ஏற்பிகளை ஆராய்பவர்களுக்கு அதுவும் போதாது. எந்தப் புரோட்டியசோம் தடுப்பானும் யுபிக்விட்டினைச் சங்கிலிகளில் முடக்கி, தனி யுபிக்விட்டினின் கையிருப்பைக் குறைத்துவிடும். இஜிஎஃப் (வளர்ச்சிக் காரணி) ஏற்பி, செல் உள்ளிழுத்த பொருள்களை வைக்கும் எண்டோசோம் பையிலிருந்து லைசோசோமுக்குப் பிரித்தனுப்பப்படுவதற்கும் யுபிக்விட்டின் குறி தேவை. குறி கிடைக்காத ஏற்பி தேங்கும். பார்ப்பவர் அதைப் புரோட்டியசோம் அழிவு என்று நினைத்துவிடுவார். இப்படி எழுந்த தவறான முடிவுகளே இந்த மருந்தைக் கவனமாகக் கையாளச் சொல்கின்றன. தனித் தட்டில் லைசோசோம் வேலையைத் தடுக்கும் பாஃபிலோமைசின் ஏ1 மருந்தை 100 நானோமோலார் அளவில் வைத்து ஒப்பிடுங்கள். எம்ஜி-132 தரும் நேரத்தை 4 மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். இரவு முழுதும் விட்டால் பல செல் வகைகள் சாகத் தொடங்கும், தன்னுண்ணலும் (செல் தன் பாகங்களையே செரித்தல்) கூடும்.

ஈஸ்டுக்கு இதை நேரடியாக வாங்காதீர்கள். இயல்பு வகையில் செல்லுக்குள் போதிய அளவு தங்காது. மருந்தை வெளியே தள்ளும் பிடிஆர்5 பம்பின் மரபணுவை நீக்கியது போன்ற வகை இருந்தால் பயன்படும்.