பழைய டிராக்டரில் ஸ்டீயரிங் ஆட்டம்: இறுக்குவதா, மாற்றுவதா, பவர் ஸ்டீயரிங்கா?

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றிய டிரெய்லரோடு மேடு ஏறும்போது டிராக்டரின் முன்பக்கம் பாரம் குறைந்து லேசாகிவிடும். ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆட்டம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். கையில் பாதிச் சுற்று வீணாகப் போகும், அப்புறம் வண்டி சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். ஏர் ஓட்டும்போது இதைச் சமாளித்துவிடலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் லாரி நெருக்கும்போது சமாளிக்க முடியாது.

நம் பக்கம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற பழைய மாஸ்ஸி 1035, ஃபோர்டு 3600, மஹிந்திரா பி-275 எதுவாக இருந்தாலும், பட்டறைக்குப் போனால் முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: “அண்ணா, பாக்ஸ் போச்சு, மாத்திடலாம்.” பல வண்டிகளில் பாக்ஸ், அதாவது ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி, அவ்வளவு கெட்டிருக்காது. ஆட்டத்தில் பெரும்பங்கு கீழே ராடுகளை இணைக்கும் பால் ஜாயின்ட்டிலும் (உருண்டை மூட்டு), பின் உள்ளே சுழலும் புஷ்ஷிலும்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே தேவையில்லை. இன்ஜினை நிறுத்தி, டயர் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டட்டும். இன்னொருவர் டிராப் ஆர்மை, அதாவது பாக்ஸுக்கு வெளியே ராடைத் தள்ளி இழுக்கும் கையைப் பார்க்க வேண்டும். மேலே ஸ்டீயரிங் ஆடியும் ஆர்ம் அசையவில்லை என்றால் குறை பாக்ஸில். ஆர்ம் உடனே அசைந்து, டயர் மட்டும் தாமதமாக அசைந்தால் குறை ராடில். ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் கையை வைத்துப் பாருங்கள், தேய்ந்த ஜாயின்ட் ‘டக்’கென்று கையில் தட்டும். அப்புறம் பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டையும் முட்டுக் கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டியிருக்கும் குட்டை அச்சு) அசையாமல் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் ஆடினால் பேரிங். ஸ்டப் ஆக்சிலே ஆடினால் கிங் பின் (ஸ்டப் ஆக்சில் திரும்பும் நிமிர்ந்த பின்) புஷ். ஆக்சில் முழுதும் நடுவில் முன்னும் பின்னும் போனால் சென்டர் பின் (முன் ஆக்சிலை நடுவில் தாங்கும் பின்).

இனி வழிகளுக்கு வருவோம். செலவே இல்லாதது பாக்ஸில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்குவது. சில மாடலில் ஸ்க்ரூ இருக்காது, ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுக்க வேண்டும். தேய்மானம் கொஞ்சமாக இருந்தால் இது தப்பில்லை. ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பாக்ஸில் இருக்கும் பல்லும் வார்மும் (ஸ்டீயரிங் தண்டின் நுனியில் உள்ள திருகு) நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும், ஓரங்களில் புதுசு போலவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், முழுசாக ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். வரப்பு ஓரம் திருப்பும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்வது, லூஸாக இருப்பதைவிட மோசம். அதனால் இறுக்கிய பிறகு இரண்டு ஓரம் வரைக்கும் திருப்பிப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

ஜாயின்ட்டும் புஷ்ஷும் மாற்றும் வழிக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். நம் ஊர்ச் செம்மண் தூசி கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ரப்பர் பூட் கிழிந்த ஜாயின்ட் அதிக நாள் தாங்காது. பழைய மாடல்களுக்கு பால் ஜாயின்ட் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, வேலையும் பெரிசில்லை. கிங் பின்னில் மட்டும் கவனம் வேண்டும். பின் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் புது புஷ் அடித்தும் பலனில்லை. பின்னையும் மாற்ற வேண்டும், அல்லது நல்ல லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். புஷ்ஷை அடித்து ஏற்றியதும் அதன் உள்வட்டம் சுருங்கும். ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) போட்டால்தான் பின் தடையில்லாமல் சுழலும். சுத்தியலால் பின்னை அடித்து இறக்குகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டிராப் ஆர்ம் ஸ்ப்ளைனில் (ஆர்மும் ஷாஃப்ட்டும் கோக்கும் வரிப்பல்) ஆட்டம் இருந்தால் ஆர்மை ஷாஃப்ட்டோடு வெல்டிங் வைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சூட்டில் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும், சீலும் கருகும், அடுத்த முறை பாக்ஸைப் பிரிக்கவே முடியாது. பால் ஜாயின்ட்டில் வெல்டிங் என்பது உயிரோடு விளையாடுவது.

பாக்ஸ் உண்மையிலேயே போயிருந்தால் இரண்டு வழி. ஒன்று, அதே பாக்ஸைப் பிரித்து வார்ம், நட், நட்டுக்குள் ஓடும் குண்டு, பேரிங், ஷாஃப்ட் புஷ், சீல் எல்லாம் மாற்றுவது. இன்னொன்று, காயலான் கடையில் பழைய பாக்ஸ் வாங்கி மாட்டுவது. பழைய பாக்ஸ் விலையில் குறைவு, ஆனால் அதுவும் உங்கள் வண்டி வயசுதான், அதே நடுப்பகுதி அங்கேயும் தேய்ந்திருக்கும். இன்ஜின் போய்ப் பிரித்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரிந்தால், கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுற்றி, நடுவில் கரகரப்போ தொளதொளப்போ இல்லையென்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் சொந்த பாக்ஸைப் பிரித்துச் செய்வதே நல்லது. இரண்டு டிராப் ஆர்ம் உள்ள பாக்ஸில் இரண்டு ஷாஃப்ட்டும் பல்லோடு பல் கோத்து ஓடும். அதில் ஒரு ஷாஃப்ட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் புதுப் பல் பழைய பல்லோடு சரியாக உட்காராது, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல் ஒழுகுகிறது என்று பாக்ஸில் கிரீஸ் அடைப்பதும் வேண்டாம். சுழலும்போது கிரீஸ் ஓரம் ஒதுங்கிவிடும், குண்டு காய்ந்து ஓடும். மேனுவலில் சொன்ன கியர் ஆயில்தான் வேண்டும்.

பவர் ஸ்டீயரிங் மாற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்ப், சிலிண்டர், ஹோஸ் என்று செலவு மற்ற எல்லாவற்றையும் தாண்டும். முன்னால் லோடர் மாட்டியிருப்பவருக்கும், தோள்வலியோடு நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கும் அது நியாயமான செலவு. ஆட்டத்துக்கு அது மருந்து இல்லை. தேய்ந்த ஜாயின்ட் மேல் பவர் ஸ்டீயரிங் போட்டால், கைக்கு லேசாக இருப்பதால் ஜாயின்ட் கழன்று விழும் நிலை வரைக்கும் தெரியாமலே ஓட்டுவோம்.

வண்டி வயலைவிட்டு வெளியே வராது என்றால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் மாற்றி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். கோபாலபுரம் ஆலைக்குக் கரும்பு, மண்டிக்கு மாங்காய் என்று ரோட்டில் பாரம் இழுக்கிற வண்டிக்கு, பாக்ஸில் குறை தெரிந்தால் அதையும் பிரித்தே ஆக வேண்டும். எந்த வேலை செய்தாலும் கடைசியில் டோ-இன், அதாவது முன்டயர்கள் முன்பக்கம் லேசாக உள்ளே திரும்பியிருக்கும் அளவைப் பாருங்கள். இரண்டு முன்டயருக்கும் நடுவில், ஹப் உயரத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் டேப் வைத்து அளந்தால் முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த மாடல் மேனுவலில் இருக்கும். அளந்து முடித்ததும் லாக் நட்டை இறுக்கி, ஜாயின்ட் நட் எல்லாவற்றிலும் புது காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) போடுங்கள்.