தீனி சரியாக இருந்தால்தான் தீ எரியும்: சாண எரிவாயுக் கலனோடு நீண்டகால அனுபவம்

ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருப்பது நாளுக்கு 2 கனமீட்டர் வாயு தரும் தீனபந்து வகைக் கலன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டுச் சமையல் பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எப்படிக் கட்டுவது, மானியம் எவ்வளவு என்றே கேட்கிறார்கள். கட்டிய பிறகு அதற்கு என்ன போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் வட்டாரத்தில் முடங்கிக் கிடக்கும் கலன்களில் பல, சுவர் விரிசல் விட்டு நின்றவை அல்ல. தீனி தடுமாறி நின்றவை.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீனபந்து வடிவத்தை 1984இல் அஃப்ப்ரோ என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கியது. அதற்கு முன்பு பரவலாக இருந்த காதி கிராமத் தொழில் ஆணைய வடிவத்தில் வாயுவைப் பிடித்து வைக்க மிதக்கும் இரும்பு டிரம் உண்டு. துருப்பிடித்தால் அதை மாற்றியாக வேண்டும். தீனபந்துவில் அந்தத் தொல்லை இல்லை. செங்கல் குவிமாடம் மண்ணுக்குள் இருப்பதால் வெயிலும் குளிரும் அதை அவ்வளவாகத் தாக்குவதில்லை.

1 கனமீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பச்சைச் சாணம் என்பது கணக்கு. சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். கலக்கும் தொட்டியில் கையை விட்டுக் கட்டிகளை உடைத்து, சோளத்தட்டையும் வைக்கோல் துணுக்கையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கரைத்தவுடன் அடைப்பைத் திறந்துவிடக் கூடாது. சிறிது நேரம் விட்டால் கட்டுத்தரை மண்ணும் சிறு கல்லும் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள கரைசலை மட்டும் உள்ளே விட்டு, அடியில் நின்ற மணலைச் சட்டியால் வாரி வெளியே போட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத வீட்டில் மணல் ஆண்டுக்காண்டு அடியில் சேர்ந்து கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும். கட்டுத்தரை கழுவிய தண்ணீரையே கரைக்கப் பயன்படுத்துகிறோம். மாட்டு மூத்திரத்தின் சத்து வீணாகாது. ஆனால் பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீர் ஒரு குடம்கூட உள்ளே போகக் கூடாது. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாட்கள் தனியே ஒதுக்கிவிடுகிறோம். உள்ளே வேலை செய்பவை நுண்ணுயிர்கள். அவற்றைக் கொல்லும் எதுவும் அடுப்பையும் அணைத்துவிடும்.

இந்த நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி அளவிலான வெப்பம் உகந்தது. மார்கழியிலும் தையிலும் கொல்லிமலைக் காற்று இறங்கும்போது வாயு கண்கூடாகக் குறைகிறது. அந்த மாதங்களில் காலையில் கரைக்காமல், வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீரை எடுத்து நண்பகலில் கரைத்துவிடுகிறோம். முழுதாகச் சரியாகிவிடாது என்றாலும் இரவுச் சமையலுக்குத் தட்டுப்பாடு வருவதில்லை.

நாமக்கல் மாவட்டம் என்றாலே கோழிப்பண்ணை. கோழி எச்சத்தில் வாயு நிறைய வரும் என்பது உண்மைதான். ஆனால் அதில் நைட்ரஜன் அதிகம். கரிமமும் நைட்ரஜனும் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால்தான் கலன் சீராக ஓடும். கோழி எச்சத்தை மட்டுமே கொட்டினால் அமோனியா ஏறி நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்கும் கிளிஞ்சல் தூளும் இறகும் வேறு சேர்ந்து வரும். சாணத்தோடு சிறு பங்காகக் கலந்தால் நல்ல தீனி.

மரவள்ளித் தோலும் திப்பியும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) இதற்கு நேர்மாறு. மாவுச்சத்து மிகுந்தவை என்பதால் விரைவில் புளித்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் அறுவடைக் காலத்தில் தோலை மொத்தமாகக் கொட்டினார்கள். சில நாட்களில் வெளிவந்த கழிவில் புளித்த வாடை. வாயு வந்தது, பற்ற வைத்தால் எரியவில்லை. அமிலம் கூடியதும், எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடுகின்றன, கரியமில வாயுதான் மிஞ்சுகிறது. தோல் போடுவதை நிறுத்தி, சாணக் கரைசலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட பிறகே கலன் மீண்டது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் கிழங்குக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். ஆனால் அவை அதற்கென்றே வடிவமைத்து, அமிலத்தன்மையைக் கண்காணித்து ஓட்டும் கலன்கள். வீட்டுக் கலனுக்குச் சாணம்தான் அடிப்படை, மற்றவை தொட்டுக்கொள்ளத்தான்.

இப்போது கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லை எரிவாயுவுக்காகவே வளர்க்கலாம் என்ற பேச்சு பரவியிருக்கிறது. கிளறும் கருவி இல்லாத தீனபந்துவில் புல்லைப் போட்டால் நார் மேலே மிதந்து ஏடு கட்டும். அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சி வளர்த்த கோ-5 ரக நேப்பியர் புல்லை மாடு தின்று, பால் கறந்து, சாணமும் போடுமே. அந்தப் புல்லை நேரே தொட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஜெர்மனியில் எரிவாயுவுக்காக மக்காச்சோளம் வயல்வயலாகப் பரவியபோது, 2012இல் புதிய ஆலைகளின் மூலப்பொருளில் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நீர் வளம் மிகுந்த நாட்டிலேயே அந்த நிலை. நமக்குக் கழிவே ஏராளமாகக் கிடக்கிறது. விளைநிலத்தை இதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் நிற்காது. பெரிய துளை உள்ள பர்னர் வேண்டும். வாயுவில் கலந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு பர்னரை அரித்துவிடுகிறது. குழாயின் நடுவே இரும்புத் துருவல் அடைத்த பிறகு வாடையும் அரிப்பும் வெகுவாகக் குறைந்தன. குழாய்த் தாழ்விடத்தில் தேங்கும் நீரை அவ்வப்போது வடிக்காவிட்டால் சுடர் துள்ளும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு புவியைச் சூடாக்குவது. அது கசிந்தால் நஷ்டம் நம் அடுப்புக்கு மட்டும் இல்லை.

வெளிவரும் கழிவுக் குழம்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வாயு போனாலும் நைட்ரஜன் உள்ளேயே தங்குகிறது. அதில் ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கிறது. வெயிலில் காயவிட்டால் அந்தப் பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். எனவே பாசன வாய்க்காலிலேயே கலந்து மஞ்சளுக்கும் தென்னைக்கும் விடுகிறோம். மிஞ்சியதைச் சருகின் மீது ஊற்றி மட்க வைக்கிறோம். உர மூட்டை வாங்குவது கணிசமாகக் குறைந்திருக்கிறது. என் கணக்கில் சிலிண்டர் மிச்சத்தைவிட இதுதான் பெரிய வரவு.

கட்ட நினைப்பவர்கள் மானியத்தைப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டாம். ஆண்டு முழுவதும் கட்டுத்தரையிலேயே நிற்கும் மாடுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பெரும்பங்கு காட்டிலேயே விழுந்துவிடும். நான்கைந்து மாடு நிலையாக இருந்தால் 2 கனமீட்டர் போதும். இரண்டே மாடு என்றால் 1 கனமீட்டர் கட்டுங்கள்; காலைச் சமையல் அதில் முடிந்துவிடும்.