கேம்பர் வேன்ல ஆல்-டெரெய்ன் டயர்: மூணரை வருஷம், 43,000 கிலோமீட்டர் ஓட்டினப்புறம்

நாங்க இருக்கறது ஜெர்மனில, ஸ்டுட்கார்ட் பக்கம். வண்டி 2015 மாடல் ஃபியட் டுகாட்டோ, 2.3 டீசல், 6 மீட்டர் நீளம், கட்டில் அடுப்பு தண்ணி டேங்க் எல்லாம் வச்சு கேம்பரா மாத்தினது, 2019ல செகண்ட் ஹேண்டா வாங்கினோம். 2022 மார்ச்ல ஏடி டயர் போட்டேன், அதாவது ஆல்-டெரெய்ன், தார் ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் சேத்து வர்ற டயர். போட்ட கையோட எழுதறதை விட பாதி தேய்ஞ்சப்புறம் எழுதினாத்தான் அடுத்தவங்களுக்கு உபயோகம்னு இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன். பிராண்ட் பேர் சொல்லப் போறதில்ல, நான் சொல்ற விஷயம் முக்கால்வாசி எந்த ஏடி டயருக்கும் பொருந்தும்.

ஏடி டயர்னாலே மலை, பாறைன்னு நினைப்போம், ஆனா என்னை வாங்க வச்சது ஈரப்புல்லு. 2021 செப்டம்பர்ல தெற்கு ஜெர்மனில ஆல்காய் பக்கம் ஒரு கேம்ப்சைட்ல புல்தரைல வண்டிய விட்டிருந்தோம், ராத்திரி பூரா மழை, காலைல கிளம்பலாம்னு கிளட்ச்ச விட்டா முன் வீல் நின்ன இடத்துலயே சுத்துது. டுகாட்டோ முன்சக்கர டிரைவ், ஆனா நம்ம கட்டில், தண்ணி, சைக்கிள் எல்லாம் பின்னாடி, அதனால இழுக்க வேண்டிய வீல் மேல எடை குறைச்சல், எடை இருக்கற வீலுக்கு இழுவை கிடையாது. ரெண்டு தடவை ஆக்ஸிலரேட்டர மிதிச்சதுல புல்லு பிஞ்சு சேறாகி, களிமண்ணு ட்ரெட், அதாவது தரையைத் தொடற வரிப்பள்ளம் முழுக்க அப்பி டயர் மொழுமொழுன்னு ஆயிடுச்சு. பக்கத்து பண்ணைக்காரர் டிராக்டர் கொண்டு வந்து இழுத்து விட்டாரு, காசு கொடுத்தும் வாங்கல.

வீட்டுக்கு வந்து டயர கழுவிப் பாத்தா சைடுவால்ல, அதாவது பக்கச்சுவர்ல, தயாரிப்பு தேதி காட்டற டிஓடி நம்பர் 1115, அதாவது 2015ஆம் வருஷத்து 11வது வாரத்துல தயாரான டயர், வண்டியோட வந்ததே. ட்ரெட் இன்னும் 6 மிமீ இருந்துச்சு, ஆனா விரலால அழுத்தி விரிச்சா எழுத்துக்குப் பக்கத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு. கேம்பர் டயர் பெரும்பாலும் தேய்ஞ்சு போறதில்ல, நின்னு நின்னு வயசாகித்தான் போகும், செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கறவங்க ட்ரெட்ட பாக்கறதுக்கு முன்னாடி அந்த நாலு நம்பரப் பாருங்க.

என் சைஸ் 225/75 ஆர்16. பழசு சிபி டயர், கேம்பிங்குக்குன்னே வர்றது, லோடு இண்டெக்ஸ் 116, ஒரு டயர் 1250 கிலோ தாங்கும். அதே சைஸ்ல நான் வாங்கின ஏடி 115, 1215 கிலோ. என் வண்டிக்கு பின் ஆக்ஸில் உச்சவரம்பு 2000 கிலோ, ரெண்டு டயருக்கு 2430 வருது, போதும். ஆனா இதே சைஸ் நம்பர் பாத்துட்டு எஸ்யூவிக்கு வர்ற லேசான டயர யாராவது வாங்கிடப் போறீங்க, லோடு இண்டெக்ஸ் பாக்காம ஆர்டர் போடவே போடாதீங்க, இது குடும்பத்தோட தூங்கி எழுந்திருக்கிற வண்டி. ஒரு நம்பர் குறையுதேன்னு டயர் கம்பெனிகிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஆர்சியோட வச்சிருக்கேன், டியூவிங்கற வண்டித் தகுதி செக்கப்ல கேட்டாங்க, காட்டினேன், முடிஞ்சது. பாக்க நல்லா இருக்கும்னு ஒரு சைஸ் பெருசா போடலாமான்னும் யோசிச்சேன், தனியா அப்ரூவல் எடுக்கணும், ஸ்பீடோமீட்டர் மாறும், வேண்டாம்னு விட்டுட்டேன். ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு டயர், மாட்டு கூலி பேலன்சிங் எல்லாம் சேத்து 1,100 யூரோ கிட்ட ஆச்சு.

இப்போ காத்து விஷயம், இதைச் சொல்லத்தான் முக்கியமா உக்காந்தேன். மாட்டின கடைல கதவு ஸ்டிக்கர பாத்து பழைய சிபி டயருக்கு உண்டான அளவையே, முன்னாடி 5, பின்னாடி 5.5 பார்னு (பார்ங்கறது காத்தழுத்த அளவு) அடிச்சு அனுப்பிட்டாங்க. வண்டி கட்டை வண்டி மாதிரி குதிச்சது, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் கிச்சன் டிராயர் திறந்துக்குது, ஏடி டயர்னா இப்படித்தான் போலன்னு நானும் 4,000 கிலோமீட்டர் அப்படியே ஓட்டிட்டேன். ஒருநாள் ட்ரெட்ட அளந்தா நடுவுல ஓரத்தை விட கிட்டத்தட்ட 1 மிமீ அதிகமா தேய்ஞ்சிருக்கு. அப்பத்தான் வண்டிய தண்ணி, கேஸ், சைக்கிள், நாங்க மூணு பேருன்னு முழு லோடோட எடைமேடைக்கு கொண்டு போனேன். முன்னாடி 1580, பின்னாடி 1690. அதை டயர் கம்பெனிக்கு மெயில் பண்ணினா நாலு நாள்ல பதில், முன்னாடி 3.8 பின்னாடி 4.2 வைங்கன்னு. சரியா இருக்கான்னு பாக்க பொண்ணோட சாக்பீஸ வாங்கி ட்ரெட்டுக்கு குறுக்க தடிமனா ஒரு கோடு போட்டு தெருவுல நேரா நூறு மீட்டர் உருட்டினோம், அவ கூடவே ஓடி வந்து குனிஞ்சு பாத்து "அப்பா நடுவுல மட்டும் இல்ல, எல்லா இடமும் அழிஞ்சிடுச்சு"ன்னா. கோடு ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி அழிஞ்சிருந்தா காத்து சரி, நடுவுல மட்டும் அழிஞ்சா ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் மட்டும் அழிஞ்சா கம்மி. அன்னைல இருந்து அது வேற வண்டி. டிராயர் சத்தம் நின்னுடுச்சு, முதுகுவலின்னு சொல்லிட்டிருந்த மனைவி இப்போ பின் சீட்டுல தூங்கிட்டே வர்றாங்க. என் அளவ அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க வண்டிய எடை போட்டு கேளுங்க. 4.5 பாருக்கு மேல வைக்கப் போறீங்கன்னா மெட்டல் வால்வு போட்டுக்கோங்க.

புல்லுல எப்படின்னா, மாட்டினதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் டிராக்டர் தேவைப்படல. ரெண்டாவது கியர்ல, வீல் சுத்த விடாம மெதுவா கிளட்ச்ச விட்டா கடிச்சு ஏறி வந்துடும். ஆனாலும் முன் வீல் வழி பக்கம், கெட்டித் தரைல இருக்கற மாதிரி பின்னாடியே போய் நிறுத்தற பழக்கத்தை விடல, டயர நம்பி அதை விடவும் கூடாது. களிமண் நிலத்துல ஏடியும் அப்பிக்கும், 2023ல ஒரு தடவை டயருக்கு அடில பலகை வச்சுத்தான் வந்தேன். நாலு வீல் டிரைவ் ஆயிடாது.

ஜல்லி ரோடு தான் இந்த டயருக்கு சொந்த ஊரு. 2023 ஜூலைல நார்வேல கம்லே ஸ்ட்ரூனெஃபியெல்ஸ்வேகென்னு ஒரு பழைய மலைப்பாதை போனோம், 1894ல திறந்தது, 27 கிலோமீட்டர், பெரும்பகுதி ஜல்லி, ரெண்டு பக்கமும் ஏரி, ஜூலைலயும் ஓரத்துல பனி கிடக்கு. பழைய டயர்ல இந்த மாதிரி ரோட்ல கூர்மையான கல்லு வந்தா பயந்து பயந்து ஒதுங்குவேன், இதுல சைடுவால் தடிமன், நிம்மதியா ஓட்டினேன். முடிச்சு தார் ரோடு ஏறினதும் டக் டக் டக்னு சத்தம், ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பதறி நிறுத்தினா ட்ரெட் இடுக்குல கல்லு. ஸ்க்ரூடிரைவர் எடுத்து நாலு வீல்லயும் நோண்டி எடுத்தோம், பொண்ணு எண்ணினதுல 31 கல்லு. ஜல்லில ஓட்டினா இதை விடாம செய்யணும், உள்ளயே விட்டா கூர்க்கல்லு ரப்பரை குடைஞ்சுக்கிட்டு போகும்.

குறைன்னா எனக்கு ஒண்ணுதான் மனசுக்கு கஷ்டம், ஈரமான தார் ரோடு. மழைல ரவுண்டானால கொஞ்சம் வேகமா திரும்பினா ஸ்டியரிங் லேசாகி, வண்டி வழுக்காம பாத்துக்கற இஎஸ்பியோட லைட் மினுக்குது, பழைய டயர் புதுசா இருந்திருந்தா இப்படி ஆகாதுன்னு தோணும். பிரேக் தூரமும் ஜாஸ்தி, அதனால மழைன்னா ஆட்டோபான்ல 90க்கு மேல போறதில்ல, முன் வண்டிக்கு நிறைய இடம் விடறேன். குழந்தைய வச்சுக்கிட்டு ஓட்டறவங்க இதை நல்லா யோசிச்சுட்டு வாங்குங்க. டீசல் 100 கிலோமீட்டருக்கு 9.1 லிட்டர் இருந்தது 9.8 ஆச்சு. சத்தம் முதல் வருஷம் ஒண்ணும் பெருசா இல்ல, 30,000 தாண்டினதும் 80ல ஒரு ரீங்காரம் வருது. 10,000க்கு ஒரு தடவை முன்னாடி பின்னாடி மாத்தலைன்னா இன்னும் மோசமா ஆகும், ஒரு தடவை தள்ளிப் போட்டதுல பல்லு பல்லா தேய்மானம் வந்துச்சு, கையால தடவினா ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் தடவினா ரம்பம் மாதிரி உரசும்.

குளிர்காலத்துக்கு தனி செட் வாங்கல. ஜெர்மனில 2024 அக்டோபர் 1ல இருந்து வெறும் எம் பிளஸ் எஸ் (சேறு, பனின்னு அர்த்தம்) எழுத்து போதாது, பனி, ஐஸ் இருக்கற ரோட்ல ஓட்டணும்னா மூணு முகடு மலைக்குள்ள ஸ்னோஃப்ளேக் போட்ட குறி இருக்கணும். எல்லா ஏடிலயும் அது இருக்காது, வாங்கறப்ப சைடுவால்ல கண்ணால பாத்து வாங்குங்க. புதுசா விழுந்த பனில ஃபெல்ட்பெர்க் மலை பக்கம் நல்லாவே ஏறிச்சு. இறுகி ஐஸ் ஆன ரோட்ல இறக்கத்துல எனக்கு நம்பிக்கை வரல, அந்த மாதிரி நாள்ல வண்டிய எடுக்கறதில்ல.

போன வாரம் அளந்தேன், புதுசுல 12 மிமீ, இப்போ முன்னாடி 6.2, பின்னாடி 7.5. ஆஸ்திரியால குளிர்காலத்துக்கு 4 மிமீ வேணும், அதனால இந்த சீசன் தாராளமா ஓடும், அடுத்த சீசனும் பாக்கலாம். அடுத்ததும் ஏடியான்னு வீட்ல பேச்சு நடக்குது. வருஷத்துல நாங்க புல்லு, ஜல்லின்னு நிக்கறது 40 ராத்திரி, மழைல தார் ரோட்ல ஓட்டறது அதை விட அதிகம். மனைவி ஸ்னோஃப்ளேக் குறி உள்ள சிபி ஆல்-சீசன் போடலாம்னு சொல்றாங்க, மழைல என்கூட வர்றது அவங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது. அந்த டயர் போட்டா காத்து திரும்ப மாறும், மறுபடி எடைமேடை, மறுபடி சாக்பீஸ்.