துரு மேலிருந்துதான் தொடங்குகிறது: பழைய கேம்பர் வேனுக்குப் புது பெட்ரோல் டேங்க்

எங்கள் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி, 1987ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி25. எஞ்சின் பின்னால் இருக்கிறது; 1.9 லிட்டர், பெட்ரோல். அதன் டேங்கை மாற்றிச் சில குளிர்காலங்கள் கடந்துவிட்டன. மாட்டிய வாரத்தில் எந்தப் புது டேங்கும் பளபளப்பாகத்தான் இருக்கும். உப்புத் தூவிய பிரிட்டன் சாலைகளில் ஓடிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தான் சொல்வதில் பயன் உண்டு. அதற்காகவே இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

இந்த வண்டியில் சுமார் 60 லிட்டர் கொள்ளும் டேங்க் முன்பாதியில், தரைத் தகட்டுக்கு அடியில், இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்குகிறது. தரைக்கும் டேங்கின் மேற்புறத்துக்கும் நடுவே குறுகலான இடைவெளி. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்புநீரும் அங்கே போய் உட்கார்ந்துவிடும். மழை கழுவாது, காற்று உலர்த்தாது. கீழே படுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அடிப்பகுதி நன்றாகவே தெரியும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். மேல்தகடு அதற்குள் பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் வண்டி அறிகுறி காட்டியது. டேங்கை நிரப்பினால் பெட்ரோல் நெடி, சில சொட்டுகள். பாதி அளவோடு ஓடினால் ஒன்றுமில்லை. டி25 வைத்திருக்கும் பலருக்கும் இது பழக்கமான தொல்லை. டேங்கின் மேற்புறத்தில் காற்றுப்போக்குக் குழாய்களும் அவற்றைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களும் இருக்கின்றன. வயதானால் ரப்பர் இறுகி வெடித்துவிடும். சிலருக்கு ரப்பரை மாற்றினாலே சரியாகிவிடும். ஆனால் எப்படியும் டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கியபின் தகட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். எங்களுடையதில் வெல்டிங் விளிம்பை ஒட்டி ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போனது. உள்ளே பிசின் ஊற்றி அடைக்கும் முறையை நான் விரும்புவதில்லை. அது பின்னாளில் உரிந்தால் வடிகட்டியையும் கார்புரேட்டரையும் அடைக்கும். புது டேங்க் வாங்கினோம்.

இறக்கும் வேலையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் தீப்பற்றும். காலி டேங்குக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தக் கலவைதான். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். ஆகவே மூடிய கராஜும் வேண்டாம், பணிமனைக் குழியும் வேண்டாம். வெட்டவெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை ஜாக்கில் நிறுத்தாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் வைத்துச் செய்தோம்.

கடையில் கிடைக்கும் மாற்று டேங்குகளில் இருக்கும் கறுப்புப் பூச்சு போக்குவரத்தில் துரு பிடிக்காமல் இருக்கத்தான் போதும். அதை அப்படியே மாட்டுவது பணத்தைச் சேற்றில் போடுவது. நாங்கள் திறப்புகளை எல்லாம் அடைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பூச்சைச் சொரசொரப்பாகத் தேய்த்து, எபாக்ஸி ப்ரைமர் (தகட்டை இறுகப் பற்றும் அடிப்பூச்சு) இரண்டு பூச்சும் அதன்மேல் கல் தெறிப்பைத் தாங்கும் பூச்சும் கொடுத்தோம். அதற்கு முன்பே வெல்டிங் விளிம்பு முழுவதும் தூரிகையால் தனியாக ப்ரைமர் தடவினோம். கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காது, இரு பக்கமும் விலகி மெலிந்துபோகும். துரு நுழையும் வாசல் அதுதான். பழைய பாணித் தார்ப்பூச்சை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். சில ஆண்டுகளில் இறுகி வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அரிக்கிறது.

பட்டைகளுக்கும் அதே மரியாதை வேண்டும். பட்டைக்கும் டேங்குக்கும் இடையில் ஈரம் உறிஞ்சாத நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) கீற்று வைத்தோம். எரிபொருள் குழாய்களை, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றினோம். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10. அதில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது. நாங்கள் இன்னும் விலை கூடிய, ஐந்து சதவீதம் வரை மட்டுமே எத்தனால் உள்ள ஈ5தான் ஊற்றுகிறோம். பெட்ரோல் அளவுமானியின் உணரியும் டேங்கின் தலையில்தான் இருக்கிறது. கையோடு அதன் வளையத்தையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை இறக்க யாருக்கும் மனம் வராது.

கடைசியாக, டேங்க் மேலேறிய பின் டினிட்ரோல் என்ற துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழல்முனை வைத்து மேற்புற இடைவெளியில் தெளித்தோம். ரப்பர் இணைப்புகளில் படாமல் முன்பே மூடிவைத்தோம்.

இப்போதைய நிலையைப் பார்க்கச் சக்கர வளைவு வழியாக எண்டோஸ்கோப் கேமராவை (வளையும் கம்பி முனையில் உள்ள சிறு கேமரா) நுழைத்தேன். மேல்தகட்டில் மெழுகுப் படலம் மங்கலாக, சேறு ஒட்டியபடி, ஆனால் முழுசாக இருக்கிறது. தூரிகை பட்ட விளிம்பில் துருவே இல்லை. நிரப்பினாலும் நெடி இல்லை. இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. குறை என்றால், பட்டைகள் வளையும் இடங்களிலும் போல்ட் தலைகளிலும் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. இறுக்கும்போது அங்கே பூச்சு விரிசல் விட்டிருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு பட்டைகள் கிடைத்தால் அடுத்த முறை அவற்றையே போடுவேன். சக்கரத்துக்கு நேரே உள்ள மூலையில் மெழுகு கழுவப்பட்டு மெலிந்துவிட்டது. சாலையில் உப்பு விழும் முன், ஒவ்வோர் அக்டோபரிலும், நன்கு உலர்ந்த நாளாகப் பார்த்து அந்த மூலைக்கும் பட்டைகளுக்கும் மட்டும் புதிதாகத் தெளிக்கிறேன். ஒரு பிற்பகல் போதும்.