சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து: பயிற்சியாளரைத் தயார் செய்ய எந்த வழி நல்லது?

கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கான இரண்டு நாள் வகுப்பில் கற்றதை அடுத்த வாரமே ஆறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரிடம் செய்து பார்த்தேன். சொல்லிக்கொடுத்தபடியே கூம்புகளை வரிசையாக வைத்து, பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பந்தை வளைத்து வளைத்து ஓட்டிவரச் சொன்னேன். மூன்றாவது பிள்ளை கிளம்புவதற்குள் கடைசியில் நின்ற இரண்டு பேர் உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் கூம்பை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒரு சிறுமி, "சார், நாடா அவுந்துபோச்சு" என்று காலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வகுப்பில் இதே பயிற்சி அழகாக நடந்திருந்தது. அங்கே பிள்ளைகளாக நடித்தவர்கள் என்னைப் போலவே பயிற்சிக்கு வந்த பெரியவர்கள். நில் என்றால் நின்றார்கள், ஓடு என்றால் ஓடினார்கள். யாருக்கும் அழுகை வரவில்லை, யாருடைய நாடாவும் அவிழவில்லை.

அதற்கப்புறம் புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிறவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரும்பாலும் பெற்றோர்கள், சில கல்லூரி மாணவர்கள். அவர்களை வகுப்புக்கு அனுப்பியும் பார்த்தேன், வீடியோ பாடம் பார்க்கச் சொல்லியும் பார்த்தேன், எழுதிவைத்த பயிற்சித் தாள்களைக் கையில் கொடுத்தும் பார்த்தேன், பழகிய ஒருவரோடு மைதானத்தில் கூடவே நிற்கவைத்தும் பார்த்தேன். இந்த நான்கையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கற்றுவந்தவர் அடுத்த பயிற்சி நாளில் எதை மாற்றிச் செய்கிறார்?

அதை எண்ணியே பார்க்கலாம். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒருவர் போய்வரப் பத்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு முறைதான் வாய்க்கும். அதாவது காலில் பந்து இருப்பது ஒன்றேகால் நிமிடம், சும்மா நிற்பது பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். அதே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பந்து கொடுத்துவிட்டால் பதினைந்து நிமிடமும் பந்து அவர்கள் காலில்தான். பயிற்சியாளருக்கு எத்தனை சான்றிதழ் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாவிட்டால் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சான்றிதழ் வகுப்பு

என் முதல் அனுபவம் சரியில்லை என்பதற்காக வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களை வகுப்பில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது போல வேறெங்கும் முடியாது. சின்னவர்களுக்கு 3-ஆம் எண் பந்து, கொஞ்சம் வளர்ந்தால் 4, பதின்ம வயதிலிருந்துதான் 5 என்பதுகூடத் தெரியாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். ஏழு வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் பதினொருவராக இறக்கிவிடுவதும் இன்னும் நடக்கிறது. ஜெர்மனியில் 2024–25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்ற சிறு ஆட்டங்கள் கட்டாயமாகிவிட்டன. அமெரிக்காவில் 2017 முதல் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நால்வருக்கு நால்வர், பத்துக்குட்பட்டவர்களுக்கு எழுவருக்கு எழுவர். தலையால் பந்தை முட்டுவதைப் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-லேயே தடை செய்தது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. இதையெல்லாம் ஒருவர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

குறை வேறொன்றில் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் பயிற்சியாளர் உரிமம் ஒரு ஏணி போல அமைந்திருக்கிறது. உச்சியில் தொழில்முறை அணிகள், அடிப்படியில் சின்னப் பிள்ளைகள். அடிப்படியில் நிற்பவரைக் கற்றுக்குட்டி என்று நினைக்கும் பழக்கம் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட லேசான வேலை என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது தனி வேலை. அந்த வகையில் அமெரிக்காவின் அடிமட்ட உரிமங்கள் எனக்குப் பிடிக்கும். நால்வர் ஆட்டம், எழுவர் ஆட்டம், ஒன்பதின்மர் ஆட்டம், பதினொருவர் ஆட்டம் என்று தனித்தனியாக இருப்பதால், சின்னப் பிள்ளைகளோடு மட்டும் வேலை செய்கிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பிள்ளையின் வளர்ச்சியை நான்கு மூலைகளாகப் பார்க்கச் சொல்கிறது: ஆட்டத்திறன், உடல், மனம், பிறரோடு பழகுதல். நல்ல பார்வைதான். ஆனால் நான் போன வகுப்பில் முதல் இரண்டுக்கு ஒன்றரை நாள் போனது. மனமும் பிறரோடு பழகுதலும் கடைசி மதியத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மைதானத்தில் என் காலை வாரியவை அந்த இரண்டும்தான்.

வீடியோ பாடமும் தாள்களும்

மாற்றமே இல்லாத விஷயங்களுக்கு வீடியோ நன்றாகப் பொருந்தும். முதலுதவி, பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள், ஆடுவதற்கு முன் உடலைத் தயார் செய்யும் வார்ம்-அப் எல்லாம் அந்த வகை. ஃபிஃபாவின் 11+ கிட்ஸ் என்ற வார்ம்-அப்பில் ஏழே ஏழு பயிற்சிகள். எப்படி விழுவது என்பதும் அதில் உண்டு. நான்கு ஐரோப்பிய நாடுகளில் பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஆய்வில், வழக்கமான வார்ம்-அப் செய்தவர்களை விட இதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. இதைக் கற்க ஒரு நாளை ஒதுக்கி எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே இரண்டு முறை பார்த்து, ஒரு முறை செய்து பார்த்தால் போதும்.

ஆனால் வீடியோவில் வரும் பயிற்சி எப்போதும் நன்றாகவே முடிகிறது. மழை தூறினால், பந்து குறைந்தால், பதினொரு பேர் வந்து ஜோடி சேராமல் போனால் என்ன செய்வது என்று அது காட்டுவதில்லை. எழுதிவைத்த பயிற்சித் தாளும் அப்படித்தான். பயந்துபோய் வருகிற புதியவருக்கு முதல் மூன்று வாரம் அது கைத்தடி மாதிரி உதவும். அதற்கு மேல் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் கண் தாளில்தான் இருக்கும், பிள்ளைகள் மேல் இருக்காது.

திறனா, ஆட்டமா?

எந்த வழியில் கற்றுக்கொடுத்தாலும் உள்ளே எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற கேள்வி வந்துவிடும். இதில் இரண்டு கட்சிகள் உண்டு.

ஒன்று, திறன் முதலில் என்பது. இந்தப் பக்கத்தில் பெரிய பெயர் டச்சுக்காரரான வீல் கூர்வர். 1974-இல் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணிக்கு, ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் யுஏஃபா கோப்பையை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர். பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் படம்பிடித்த காட்சிகளில் பார்த்துப் பார்த்து, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று காட்டினார். ஆளுக்கொரு பந்து, நூற்றுக்கணக்கான தொடுதல்கள், இரண்டு கால்களாலும். ஆறு வயதில் பந்தை யாருக்கும் கொடுக்க மனம் வராது. ஆகவே பிள்ளைகளுக்கும் இது பிடித்துப்போகிறது. பயிற்சியாளரைத் தயார் செய்வதும் சுலபம். அசைவைக் காட்டலாம், செய்யச் சொல்லலாம், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

மற்றது, ஆட்டம் முதலில் என்பது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982-இல் இந்த யோசனைக்கு ஒரு உருவம் கொடுத்தார்கள்: முதலில் ஆட விடு, ஏன் இந்தத் திறன் வேண்டும் என்று பிள்ளைக்கே புரியட்டும், அப்புறம் திறனைக் கற்றுக்கொடு. கால்பந்தில் இதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர்களில் ஹோர்ஸ்ட் வைன் முக்கியமானவர். ஜெர்மானியர், ஹாக்கிக்காரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் அவர்தான். அவர் உருவாக்கிய ஃபுனினோ என்ற சிறு ஆட்டத்தில் மூவருக்கு மூவர், கோல்கீப்பர் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்ன கோல்கள், ஆக மொத்தம் நான்கு. கிட்டே வந்து அடித்தால்தான் கோல்.

ஒருநாள் ஏழு வயதுப் பையன் ஒருவன் பந்தை ஓட்டிக்கொண்டு வலது கோலை நோக்கிப் போனான். எதிரணி மூவரும் அங்கேயே குவிந்துவிட்டார்கள். பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினான். தலையைத் தூக்கினான். இடது கோலில் யாரும் இல்லை. திரும்பி நடந்தே போய்ப் பந்தை உள்ளே தள்ளினான். நிமிர்ந்து பார் என்று யாரும் கத்தவில்லை. இரண்டாவது கோல் அந்த வேலையைச் செய்துவிட்டது. அதே பையனைக் கூம்பு வரிசையில் நிறுத்தி, "தலையைத் தூக்கு" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஆட்டத்தை வைத்துக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரைத் தயார் செய்வதற்கு நாள் பிடிக்கும். கால்வித்தை தெரிய வேண்டியதில்லை, ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். களத்தைச் சுருக்கவா, கோலைத் தள்ளி வைக்கவா, ஒரு ஆளைக் கூட்டவா, இல்லை வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் விடவா? இதை ஒரு மதிய வகுப்பில் புகட்ட முடியாது. சும்மா நிற்பதாகத் தோன்றுவதால் புதியவர்கள் தவிக்கிறார்கள். பெற்றோர்கள் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றிவிடும்.

அப்படியிருந்தும் புதியவரை நான் ஆட்டத்தில்தான் தொடங்கச் சொல்வேன். அனுபவம் இல்லாதவர் தவறு செய்யாமல் இருக்க மாட்டார், தவறு செய்தால் யார் தலையில் விடிகிறது என்பதே என் கேள்வி. வரிசைப் பயிற்சியில் பயிற்சியாளர் தடுமாறினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். மூவருக்கு மூவர் ஆட்டத்தில் அவர் தடுமாறினாலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். கூர்வர் வழியில் பத்து நிமிடம், துரத்திப் பிடிக்கும் விளையாட்டாக, காலில் ஆளுக்கொரு பந்தோடு செய்தால் அருமை. முழு மணி நேரமும் அதுவே என்றால், எதிரே ஆள் வரும்போது என்ன செய்வது என்று பிள்ளை எங்கே கற்கும்?

கூடவே நின்று கற்பது

கடைசி வழியில்தான் நான் ஆசைப்பட்ட மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். புதியவர் முதல் இரண்டு வாரம் பழகியவரோடு நிற்பார். மூன்றாம் வாரம் பத்து நிமிடம் மட்டும் தானே நடத்துவார். பழகியவர் ஓரமாக நின்று மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்வார்: எத்தனை பிள்ளைகள் சும்மா நின்றார்கள், பயிற்சியாளர் எவ்வளவு நேரம் பேசினார், எந்தப் பிள்ளையின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஒரு அப்பாவுக்கு அந்தக் குறிப்பை நீட்டினேன். பத்து நிமிடத்தில் ஆறரை நிமிடம் பேசியிருந்தார். "நிஜமாவா சார்?" என்று கேட்டவர் வாட்சைப் பார்த்தார். அடுத்த வாரம் விளையாட்டை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் பந்தை உருட்டிவிட்டார். புரியாத பிள்ளைகள் புரிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். இந்த ஒரு மாற்றத்தை எந்த வகுப்பும் எனக்குத் தரவில்லை.

இதற்கும் பலவீனம் உண்டு, பெரிய பலவீனம். கூட நிற்பவர் கத்துகிறவர் என்றால் கற்பவரும் கத்துவார். பிள்ளை தப்பு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் பழக்கம் இப்படித்தான் கைமாறிக் கைமாறி வருகிறது. நல்ல வழிகாட்டி கிடைக்காத இடத்தில் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வகுப்பே மேல்.

பேசும் விதத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மாலும் பிள்ளைகளின் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். மொத்தமே இரண்டரை மணி நேரம். முயற்சியைப் பாராட்டு, தப்பு செய்தவுடன் தைரியம் சொல், தண்டிக்காதே என்பவைதான் பாடம். 1992-இல் வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சி பெற்றவர்களின் அணிகளிலிருந்து அடுத்த பருவத்துக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் 5 சதவீதம். பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 சதவீதம். ஆட்டம் வேறாக இருக்கலாம், பிள்ளைகள் பிள்ளைகள்தானே. நான் போன வகுப்பில் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளப்பட்டது இதுதான்.

ஆகவே என் வரிசை இப்படி: பாதுகாப்பும் வார்ம்-அப்பும் வீடியோவில், மைதானத்துக்கு வருவதற்கு முன்பே. பிள்ளைகளிடம் பேசும் முறைக்கு ஒரு மாலை முழுதாக. பிறகு நாலைந்து வாரம் பழகியவரோடு, மூவருக்கு மூவர் ஆட்டத்தை மையமாக வைத்து. சான்றிதழ் வகுப்பு அதற்கப்புறம். கையில் கேள்விகளோடு போகிறவருக்கு அதே இரண்டு நாள் வேறுமாதிரி பயன்படும். உங்கள் ஊரில் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகளோடு நிற்கவே கூடாது என்று விதி இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள், மற்றதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி யாரும் இல்லாத புதியவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் பெற்றோரிடம் அனுமதி கேட்டுவிட்டு, போனை வேலியில் சாய்த்துவைத்துப் பத்து நிமிடம் எடுங்கள். வீட்டில் முதல் தடவை சத்தத்தை அணைத்துப் பாருங்கள், யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். இரண்டாம் தடவை படத்தைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள், நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள் என்று தெரியும். எண்ணிக் குறித்ததும் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.