ரேஷன் கடை ரேகை மெஷின்: அப்பாவோடு ஐந்து வருட அனுபவம்

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை 2020 அக்டோபரில் வந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அட்டையில் இருப்பது அவரும் அம்மாவும்தான். அம்மாவால் நடக்க முடியாது.

அப்பா நாற்பது வருடம் கொத்தனார். சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடும், மிச்சத்தைச் செங்கல் தேய்த்துவிடும். வயதாக ஆக ரேகையின் மேடுகளும் தாழ்ந்துபோகும். மெஷினோ அந்த மேட்டை நம்பித்தான் இருக்கிறது. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்து, ஆதாரில் பதிந்ததோடு ஒப்பிடுகிறது. முதல் மாதம் ஆறு தடவை வைத்தும் பொருந்தவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க, அப்பா தப்பு செய்தவர்போல நின்றார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் சில விஷயங்கள் பிடிபட்டன. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும், கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்கு இடது மோதிர விரல் ஓரளவு பொருந்துகிறது. காய்ந்த விரல் சரியாகப் பதியாது. ஈரத்துணியில் லேசாகத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் மெதுவாக வைத்தால் போதும். முந்தைய ஆளின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தோம். ஒரு வருடம் போல நன்றாக ஓடியது. ஆதாரோடு இணைத்த செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ரேகை கைவிட்ட மாதங்களில் ஓடிபிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில், சாலை போடப் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையை வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தத்தில் பதியவைத்தார். 'இது என் கையெழுத்து இல்லை' என்று பின்னால் அவர் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. இங்கே மனிதர் 'நான்தான்' என்று நிற்கிறார், மெஷின் மறுக்கிறது. ஒரு விரலைக் கொண்டு ஆளை உறுதி செய்வது நல்ல ஏற்பாடுதான். போலி அட்டைக்கு அது தடை, அதை மதிக்கிறேன். ஆனால் 'பொருந்தவில்லை' என்றால் 'இந்த ஆள் இல்லை' என்று அர்த்தமாகாது. அரிசிக்கு ரேகை ஒன்றையே வாசலாக வைக்கக் கூடாது.

அப்பா தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர். இனி கைநாட்டு வைக்க வேண்டாம் என்று அன்றைக்கு அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதே விரலைத் திரும்பக் கேட்டபோது அதில் ரேகை இல்லை.

இப்போது எங்கள் கடையில் கருவிழியைப் படிக்கும் கருவியும் இருக்கிறது. அப்பாவுக்குப் பெரும்பாலும் ஒரே தடவையில் பதிந்துவிடுகிறது. ஆனாலும் வரிசையில் நிற்கும்போதே துண்டை நனைத்து இடது மோதிர விரலைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.